வெள்ளைச் சட்டைக்காரருக்கு வேப்பங்கொட்டை

முந்தநாள் ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்டார்: “அண்ணை, பப்பாசி முழுக்க வெள்ளையாய்க் கிடக்கு. வேப்பெண்ணெய் அடிச்சனான், ஒண்டும் நடக்கேல்லை. உந்த இயற்கை மருந்தெல்லாம் சும்மா கதையோ?”

கதையில்லை. பப்பாசியில் வெள்ளையாய்க் கிடப்பது வெண்மூட்டுப்பூச்சி, செடியில் ஒட்டிக்கிடந்து சாறு குடிக்கிற சின்னப் பூச்சி. சொல்லித் தருகிறவர்கள்தான் அதைக் கதையாக்கிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு கரைசல் முகநூலில் வருகிறது. உள்ளி, இஞ்சி, பச்சைமிளகாய், வேப்பிலை, மாட்டுச்சலம் எல்லாம் போட்டு அரைத்து அடித்தால் ஒரே இரவில் பூச்சி போய்விடுமாம். எழுதுகிறவர் வளவில் ஒரு பப்பாசியாவது நிற்கிறதோ தெரியாது.

வெண்மூட்டுப்பூச்சியின் மேலே மாப்போல இருக்கிற வெள்ளை, உண்மையில் மெழுகு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு வழுகி விழும். வெறும் வேப்பெண்ணெயும் தண்ணீரும் அப்படித்தான் விழும். அந்தச் சட்டையைக் கழற்றச் சவர்க்காரம் வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த சனம் நாங்கள், அதன் அருமை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் சலவைத்தூள் போடாதீர்கள், இலை கருகும்.

மாங்குளத்துக் காணியில் ஆடிக்குள் விழுகிற வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதை கழுவி, நிழலில் காயவைத்து எடுத்துவைப்பேன். பூஞ்சணம் பிடித்த கொட்டை உதவாது. ஓடு நீக்கின பருப்பு 800 கிராமை இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால், காலையில் பிழியப் பால்போல வரும். 16 லீற்றர் தாங்கிக்கு அது போதும். தீப்பெட்டி அளவு சவர்க்காரத்தைத் துருவிக் கரைத்துச் சேர்ப்பேன். வெயில் சாய்ந்த பிறகுதான் அடிக்கிறது. வேம்பில் பூச்சிக்கு மருந்தாய் இருக்கிற அசாடிரக்டின் என்ற சத்து வெயிலில் கெதியாய்ச் சிதைந்துபோகும். இலைக்கு அடிப்பக்கம் நனையவேண்டும். ஒருதரம் அடித்துவிட்டுக் கைகழுவ முடியாது. பூச்சியின் வெள்ளைப் பஞ்சுக்குள் கிடக்கிற முட்டை தப்பிவிடும். அதிலிருந்து பொரித்து வருகிற குஞ்சுக்குத் தொடக்கத்தில் சட்டை இல்லை, அதைப் பிடிக்கத்தான் ஏழு நாளுக்கொருக்கால் இரண்டு மூன்று தரம் அடிப்பது. மோசமாய்ப் பிடித்த இலையை முதலே வெட்டி எரித்துவிடவேண்டும்.

போன வருசம் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லவேண்டும். செவ்வரத்தையில் பெரிதாய், வெள்ளை நார் நாராய்த் தொங்க ஒன்று ஓடித்திரிந்தது. “தாய்ப்பூச்சி” என்று நினைத்து நசித்துக்கொண்டே போனேன். நாலாவதை நசிக்கப்போகையில் பார்க்கிறேன், அது ஒரு வெண்மூட்டுப்பூச்சியைக் கவ்வித் தின்றுகொண்டிருக்கிறது! பொறிவண்டின் புழு. இரையைப்போலவே உடுத்திக்கொண்டு திரிகிறது. வெண்மூட்டுப்பூச்சி கிடந்த இடத்தில் கிடக்கும், இது விறுவிறென்று ஓடும். அதுக்குப் பிறகு எதை நசிக்கவும் கை கூசுகிறது.

2008இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கைக்குள் வந்தபோது, அடுத்த வருடம் அதை அடக்கக் கொண்டுவந்துவிட்டதும் ஒரு மிகச்சிறிய குளவியைத்தான். அந்த இரண்டு வருடமும் வன்னியில் பப்பாசியைப் பார்க்க யார் இருந்தது, அது வேறு கதை.

புகையிலைக் கரைசலை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நிக்கொட்டின் தோலுக்குள்ளாலும் உடம்புக்குள் போகும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் புகையிலைத் தேமல் வைரசைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கொடுக்கும். “இயற்கைதானே” என்கிறார்கள். அலரிக்கொட்டையும் இயற்கைதான்.

2021 மேயில் இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் ஒரே வர்த்தமானியில் நிறுத்தி, நவம்பரில் திருப்பி எடுத்தார்களே, அன்றிலிருந்து இங்கே பல கமக்காரருக்கு ‘இயற்கை’ என்ற சொல்லே தண்டனைபோலக் கேட்கிறது. அவர்களில் பிழையில்லை. மூன்று தாங்கி வேப்பங்கொட்டை இடிக்கிற கைநோவு அவர்களுக்குத்தான் தெரியும். அரை ஏக்கர் கத்தரிக்கு இதை மட்டும் நம்பு என்று நானும் சொல்லமாட்டேன். வீட்டுத்தோட்டத்துக்கு, தொடக்கத்திலேயே கண்டால், சரிவரும்.

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன்: “மரத்தில எறும்பு ஏறுதோ?”

“ஓம் அண்ணை, வரிசையாய். அதுக்கென்ன?”

பூச்சி விடுகிற தேன்நீருக்காக எறும்பு அதைக் காவல்காக்கும், பொறிவண்டை அண்டவிடாது. அடிமரத்தில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் பூசச் சொன்னேன். இன்றைக்குக் காலை படம் அனுப்பியிருக்கிறார். துணிக்குக் கீழே எறும்புகள் கூட்டமாய் நின்று வழி தேடுகின்றன.