போர்க்கள மருத்துவ உதவியாளர் பதிவுபெற்ற செவிலியர் ஆவாரா? உண்மை விளக்கம்

அமெரிக்க ராணுவத்தில் 68டபிள்யூ எனப்படும் போர்க்கள மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி விலகுபவர், கல்லூரிக்குச் செல்லாமலே பதிவுபெற்ற செவிலியராகிவிடலாம் என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் சுமார் 16 வாரம் நடக்கும் 68டபிள்யூ பயிற்சியில் கிடைப்பது அவசர மருத்துவ உதவியாளருக்கான தேசியச் சான்றிதழே. அது செவிலியர் உரிமம் ஆகாது. குண்டடிபட்டவரின் ரத்தப்போக்கை நொடிகளில் கட்டுப்படுத்தும் போர்க்கள உதவியாளரின் திறன் எளிதானதன்று என்றாலும், நீண்டநாள் நோயாளியைத் தொடர்ந்து கவனித்துப் பராமரிப்புத் திட்டம் வகுப்பது வேறு கல்வி. பதிவுபெற்ற செவிலியராக, இரண்டாண்டுப் பட்டயமோ நான்காண்டு இளநிலைப் பட்டமோ முடித்து, என்கிளெக்ஸ்-ஆர்என் எனும் செவிலியர் உரிமத்தேர்வில் தேறி, மாநில உரிமம் பெற வேண்டும்.

குழப்பத்தின் வேர் 68சி எனப்படும் ராணுவ நடைமுறைச் செவிலியர் பிரிவாக இருக்கலாம். அதில் ஏறத்தாழ ஓராண்டு பயில்வோர் நடைமுறைச் செவிலியர் உரிமத்தேர்வை எழுதுகின்றனர். ஆனால் அது பதிவுபெற்ற செவிலியருக்குக் கீழான நிலை. கலிபோர்னியா சில நிபந்தனைகளுடன் ராணுவ மருத்துவ உதவியாளர்களுக்குத் திறந்துவைத்துள்ள வழியும் அந்த நிலைக்கே இட்டுச்செல்லும்.

1901இல் தொடங்கிய ராணுவச் செவிலியர் படையிலோ, இன்று பட்டமும் உரிமமும் உள்ளவர்களே அதிகாரிகளாகச் சேர்கின்றனர். ராணுவப் பணி செவிலியர் படிப்பின் கட்டணச் சுமையைக் குறைக்கும் என்பது மட்டும் மெய்: தகுதியுள்ளோருக்கு ஜிஐ பில் எனும் படைவீரர் கல்வி உதவித் திட்டம் 36 மாதக் கல்வி உதவி தருகிறது.