குளிக்கும்போது மட்டும் தனியாக

எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் அவ்வப்போது ஓர் எச்சரிக்கை வரும். "வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்புப் பேட்ஜ். ரெண்டு ரெண்டு பேரா வர்றாங்க. கதவத் தொறக்காதீங்க." கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. மார்மன் சபையின் தலைமையகம் இருக்கிற, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டிக்கு அரை மணி நேரத் தொலைவில் வீட்டை வாங்கிவிட்டு, மார்மன்கள் வந்து மணி அடிக்கிறார்களே என்று அலுத்துக்கொள்வது, ஸ்ரீரங்கத்தில் குடியேறிவிட்டு விடிகாலையில் சுப்ரபாதம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது மாதிரி.

நான் கதவைத் திறக்கிற கட்சி. மதம் மாறுகிற உத்தேசமெல்லாம் கிடையாது. அந்தப் பிள்ளைகள் பேரில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவர்களை அனுப்புகிற ஏற்பாட்டின் பேரில்தான் ஒன்று இருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்காக: சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. மார்மன் என்று கூப்பிட வேண்டாம் என்று 2018-ல் அவர்களின் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஊர் வாயில் இன்னும் அதுதான் நிற்கிறது. நானும் பழக்கதோஷத்தில் அப்படியே எழுதுகிறேன். மதம் பரப்பும் மிஷனரியாகப் பையன்கள் 18 வயதில் கிளம்பலாம், இரண்டு வருடம். பெண்களுக்குப் பதினெட்டு மாதம். சம்பளம் கிடையாது என்பதோடு, அமெரிக்கக் குடும்பமென்றால் மாதம் 500 டாலர் கட்டவும் வேண்டும் (2020 வரை 400). டோக்கியோவுக்குப் போனாலும் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குப் போனாலும் தொகை ஒன்றுதான். எங்கே போவது என்பதைச் சபைதான் முடிவுசெய்யும்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்த அழைப்பு வந்த மாலை, தெருவே அவர்கள் வீட்டு ஹாலில் இருந்தது. சுவரில் உலக வரைபடம். ஆளுக்கொரு ஸ்டிக்கரில் பெயர் எழுதி, அவன் போகப்போகிற நாட்டை ஊகித்து ஒட்ட வேண்டும். நான் பிரேசிலில் ஒட்டினேன். பையன் லேப்டாப்பைத் திறந்து சத்தமாகப் படித்தான்: ஒஹையோ. உள்நாட்டிலேயே இன்னொரு மாநிலம். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாட்டிதான் முதலில் கைதட்டினார்.

போனபின் வாழ்க்கை மணியடித்தாற்போல. காலை 6:30-க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, வேதப் படிப்பு. பிறகு தெரு. இரவு ஒன்பது மணிவாக்கில் அறைக்குத் திரும்பி, மறுநாளைக்குத் திட்டம் போட்டு, 10:30-க்கு விளக்கணைக்க வேண்டும். நேரக் கணக்கில் 2017-ல் கொஞ்சம் தளர்வு கொடுத்தார்கள். காதல் கீதல் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயரும் கிடையாது. மீசை சரியாக அரும்பாத பிள்ளைகூட, குடும்பப் பெயருக்கு முன்னால் 'எல்டர்' (மூத்தவர்) போட்டுக்கொண்டு அலைய வேண்டும். பெரும்பாலும் திங்கட்கிழமைதான் 'பி-டே', அதாவது ப்ரிபரேஷன் டே. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்கு. 2019 தொடக்கம் வரை வீட்டோடு போனில் பேச வருடத்துக்கு இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். பெற்ற வயிறுகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு ஜோடி வந்தது. ஒருவன் வந்து வருடம் ஆனவன். இன்னொருவன் புதுசு, சட்டைக் காலர் கழுத்துக்குத் தொளதொளவென்று இருந்தது. அம்மா டபரா செட்டில் காபி கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி, டீ, மது, புகையிலை எல்லாம் அவர்களுக்கு விலக்கு. 1833-ல், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வழியாக வந்த உபதேசம். நான் அதைச் சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "காபி குடிக்கக்கூடாதுன்னு சொல்ற சாமி என்ன சாமிடா?" ஆனாலும் விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வருமா? மோர் வந்தது. புதுப் பையன் கறிவேப்பிலையையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டான். "யாரு பெத்த புள்ளையோ. தம்பி, சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா தமிழிலேயே கேட்க, அவனும் என்னவோ புரிந்த மாதிரி தலையாட்டினான்.

பிறகு பாடம். அவர்களுக்கு 'ப்ரீச் மை காஸ்பல்' என்று ஒரு கையேடு உண்டு, 2004-ல் வந்தது, 2023-ல் புதுப்பித்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறைகளில் பாடத்தை வரி வரியாக மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறார்கள். இப்போது எதிரே இருப்பவருக்குத் தக்கபடி சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். ஒருவன் நாலு வாக்கியம் சொன்னால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான். முதல் பாடத்தின் உயிர், ஜோசப் ஸ்மித்தின் கதை. 1820, நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிராமம். பதினாலு வயதுப் பையன். ஊரில் சபைக்குச் சபை சண்டை, எது சரியென்று அவனுக்குக் குழப்பம். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்று யாக்கோபு நிருபத்தில் படிக்கிறான். வீட்டுக்குப் பக்கத்து மரத்தோப்புக்குள் போய், யாருமில்லாத இடமாகப் பார்த்து முழங்கால் போடுகிறான். தலைக்கு நேர் மேலே ஓர் ஒளித்தூண் இறங்குகிறது.

இந்த இடத்தில் புதுப் பையனின் குரல் மாறியது. அதுவரை தடுமாறியவன் இந்தப் பகுதியை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். முடித்துவிட்டு, "இதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்றான்.

என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, கவனியுங்கள். கெட்டிக்காரத்தனமான கேள்வி. அதோடு அவர்களின் வேதமான மார்மன் புத்தகத்தைக் கையில் கொடுத்து, கடைசியில் மரோனி பத்தாம் அதிகாரத்தைக் காட்டி, "படியுங்கள், தனியாக ஜெபித்துக் கேளுங்கள், உண்மையா இல்லையா என்று கடவுளே சொல்வார்" என்பார்கள். 'இல்லை' என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அந்தப் பாடத்தில் இடம் இல்லை. திரும்பவும் ஜெபிக்க வேண்டும்.

என் புகார் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "நீ கடைசியா எப்போ தனியா இருந்தே?" என்று அவனைக் கேட்டேன். "குளிக்கும்போது" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மை அதுதான். மிஷனரி எப்போதும் தன் ஜோடியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்திலேயே இருக்க வேண்டும். தூங்குவதும் ஒரே அறையில், வேறு வேறு கட்டில். ஜோடியை அவனே தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வரலாம், வராமலும் போகலாம். 'தனிப்படிப்பு' என்று கால அட்டவணையில் இருக்கிற நேரத்தில்கூட அடுத்த நாற்காலியில் ஜோடி உட்கார்ந்திருப்பான்.

ஒரு பையன் யாருக்கும் சொல்லாமல் தோப்புக்குள் போனதில் பிறந்த மதம் அது. அந்தக் கதையைத் தினமும் ஊருக்குச் சொல்கிற பையனுக்குத் தோப்புப் பக்கம் போக அனுமதி இல்லை.

ஜோடி விதிக்கு நியாயம் இல்லாமலில்லை. இயேசு சீஷர்களை இருவர் இருவராக அனுப்பினார் என்று மாற்கு சுவிசேஷம் 6-ம் அதிகாரத்தில் இருக்கிறது. பாதுகாப்பு இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் வேண்டும். 1966-ல் மிஷனரியாகப் பிரான்சுக்குப் போன, பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி, திராட்சை மதுவுக்குப் பேர்போன போர்தோவில்கூட மதுவை விடச் சொல்லிக் கதவு தட்டியவர்தான். முகத்துக்கு நேரே கதவுகள் சாத்தப்படும்போது பக்கத்தில் ஒரு துணை இல்லையென்றால், பத்தொன்பது வயதில் யார் தாங்குவார்கள்? இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணைக்கு இருக்கிறவனே காவலாகவும் இருக்கிறான்.

2012-ல் பையன்களின் வயதை 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். அப்போது 58,000 சொச்சம் இருந்த மிஷனரிகள் இரண்டே வருடத்தில் 80,000-ஐத் தாண்டினார்கள். சபைக்கு அது வெற்றி. எனக்கென்னவோ அந்த ஒரு வருடம் போனது நஷ்டமாகத்தான் படுகிறது. கல்லூரியில் சேர்ந்து, விடுதியில் தனியாகப் படுத்து, "நான் இதையெல்லாம் நம்புகிறேனா?" என்று விட்டத்தைப் பார்த்து யோசிக்க அந்த வருடத்தில் வாய்ப்பு இருந்தது.

என்னோடு வேலைபார்க்கும் ஒருவர் பாதியில் திரும்பி வந்தவர். இந்த ஊரில் அது லேசான விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் அன்பாகத்தான் பேசுவார்கள், அந்த அன்பே குத்தும். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சரியான சந்தேகமா, வெறும் களைப்பா என்று யோசிக்க ஒரு நடை போய்வர வேண்டும் போலிருந்ததாம். எங்கே நடந்தாலும் ஜோடி கூடவே வந்தான். நல்ல பையன், ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தான். கடைசியில் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுவிட்டார். "ஒரு மணி நேரம் என்னை விட்டிருந்தா, முழுசா முடிச்சிருப்பேனோ என்னவோ" என்றார். இன்றுவரை காபி தொடுவதில்லை.

அதற்காக நம் ஆட்கள் ரொம்பத் துள்ள வேண்டாம். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிளஸ் டூ பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, விடிகாலை முதல் ராத்திரி வரை வார்டன் கண்ணிலேயே படிக்கவைத்து, "அங்க விட்டா கவலையில்ல" என்று சொன்னவர்கள்தான் நாம்.

என் யோசனை சின்னது. வாரத்தில் ஒருநாள், அந்தத் திங்கட்கிழமையிலேயே, ஒரு மணி நேரம். போன் வேண்டாம், ஜோடி வேண்டாம். பூங்காவோ நூலகமோ, எங்கேயாவது பிள்ளை தனியாக உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

அலுவலகத்தில் தைவானில் மிஷன் முடித்த ஒரு அம்மணி இருக்கிறார். மாண்டரின் சரளமாகப் பேசுவார். அங்கே ஜோடியாக இருந்த பெண்ணை இன்றும் தங்கை என்றுதான் சொல்வார். அவரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். "தனியா விட்டிருந்தா எனக்கு முதல் மாசமே பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்றார். "சரி, அந்த ஒரு மணி நேரம் கொடுத்தா எத்தனை பேர் பெட்டியைக் கட்டிட்டு வீட்டுக்கு வருவாங்கன்னு நெனைக்கறீங்க?"

"அது சபைக்கும் தெரிய வேண்டாமா?" என்றேன்.

"நல்லவேளை, உங்கள மிஷன் பிரசிடென்டா யாரும் போடல" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.