மொட்டைக்கு ஒரு மரியாதை, வழுக்கைக்கு ஒரு மரியாதை

போன தை மாதம் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டேன். நேர்த்திக்கடன் அம்மாவுடையது, தலை என்னுடையது. சந்தனம் பூசிய தலையோடு கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைப் பெரியவர், "முருகனுக்கா?" என்று கேட்டு வாய் நிறையச் சிரித்தார். பின் இருக்கையில் இருந்த குழந்தை என் மண்டையைத் தடவிப் பார்த்தது. பதினோரு வருடமாக என் தலையைப் பார்த்து யாரும் இவ்வளவு அன்பாகச் சிரித்ததில்லை.

அந்த மரியாதை இருபது நாள்தான் நின்றது. என்னோடு வரிசையில் உட்கார்ந்த சித்தப்பா மகனுக்குத் தலை முழுவதும் புல் முளைத்தது போல ஒரே சீராக முடி வந்துவிட்டது. எனக்குக் காதுக்குக் காது லாடம் அடித்தது போல ஓரத்தில் மட்டும் கறுத்தது. நான் வேலை பார்க்கும் லாட்ஜின் சமையல்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, முன் வயலில் இன்னும் விதை ஊன்றவில்லையா?" என்றார். அவர் மேல் கோபமில்லை, நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கே தொப்பி திரும்பத் தலைக்கு ஏறியது.

அன்றிலிருந்து ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. மொட்டையிலும் முடி இல்லை, வழுக்கையிலும் முடி இல்லை. பழனியில் நிற்கிற முருகனையே மொட்டையாண்டி என்று உரிமையோடு கூப்பிடுகிறோம். 2021இல் இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தபோது ஊரே மகிழ்ந்தது. அதே ஊர்தான் வழுக்கையனைக் கண்டால் 'சொட்டை' என்கிறது. நாமாகக் கொடுத்தால் காணிக்கை, நம்மைக் கேட்காமல் போனால் கேலி. என்னை வாட்டியது முடி போனதைவிட, என்னைக் கேட்காமல் அது போனதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறை. மார்கழியில் உறைபனி விழும், எல்லோர் தலையிலும் கம்பளிக் குல்லா இருக்கும். வழுக்கை விழுகிறவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. சித்திரையில் சமவெளிக்காரர்கள் அரைக்கைச் சட்டையோடு திரியும்போதும் நான் குல்லாவோடு இருப்பேன், 'மலைக்காரன், பழக்கம்' என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு இருபத்து மூன்று வயதில் அம்மா வெளிர்நிறக் குல்லா ஒன்று வாங்கித் தந்தார். ஒருநாள் இரவு கழற்றி உட்புறம் திருப்பினால், நூலிழைகளுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக முடி. ஒவ்வொன்றாக உருவித் தினத்தந்தித் தாளில் அடுக்கி எண்ணினேன். நாற்பத்தொன்று. யாருக்கும் தினமும் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு என்பது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எண்ணுவதை நிறுத்தியிருக்க மாட்டேன்.

அப்பத்தா மலைப்பூண்டை நசுக்கித் தேய்க்கச் சொன்னார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் பூண்டின் காரம் சமைத்தவர்களுக்குத் தெரியும், என் நெற்றிக்கும் தெரியும். இரண்டாம் நாளே கொப்புளம். பூண்டும் சின்ன வெங்காயமும் தேய்ப்பது காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்கான கைவைத்தியம். அது வேறு நோய், பல நேரம் தானாகவே ஆறிவிடும். எனக்கு வந்தது பரம்பரை வழுக்கை, என் தாத்தாவின் படத்தைப் பார்த்தாலே போதும்.

எண்ணெய்க்காரர்களுக்கு எப்படிப் பெயர் கிடைக்கிறது என்பதை அக்காவிடம் கற்றுக்கொண்டேன். பிரசவமாகி மூன்றாம் மாதம் அவளுக்குக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குழந்தை பிறந்த பின்னும், கடுங்காய்ச்சல் வந்த பின்னும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவதும், பிறகு பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடுவதும் சகஜம். அக்கா அந்த இடைவெளியில் ஒரு மூலிகை எண்ணெய் வாங்கினாள். முடி வளர்ந்தது. இன்றும் தெருவில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் அந்த எண்ணெயின் புகழைப் பாடுகிறாள். நான் வாயைத் திறந்தால் மச்சானே என்னை முறைக்கிறார்.

அடுத்து மினாக்சிடில், முடி வளரத் தலையில் தடவும் மருந்து. மருந்துக்கடையில் கேட்டேன், கொடுத்தார்கள், ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. பயந்துபோய்ப் பாட்டிலைக் குப்பையில் எறிந்தேன். ஆறு வருடம் கழித்து ஒரு தோல் மருத்துவர்தான் விளக்கினார்: ஓய்வில் இருக்கும் பழைய முடியைப் புதிய முடி தள்ளுவதால் முதலில் கொஞ்சம் உதிரும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதமாகும், நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்ததும் போய்விடும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரைதான் அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள், 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தடவியவுடன் குல்லா போட்டால் மருந்து கம்பளிக்குத்தான் போய்ச் சேரும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. கடைக்காரர் இந்த நான்கு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறு வருடம் மிச்சம்.

அந்த ஆறு வருடத்துக்கு நடுவில்தான் சமவெளி நகரம் ஒன்றின் சிகிச்சை மையத்தில் மாட்டினேன். குளிர்சாதன அறை, டை கட்டிய ஆலோசகர். என் உச்சந்தலையில் சின்னக் கேமராவை வைத்துப் பெரிய திரையில் காட்டினார். நூறு மடங்கு பெரிதாக்கினால் யார் தலையும் பாலைவனம்தான். "உங்கள் தன்னம்பிக்கை எங்கள் பொறுப்பு" என்றார். என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் ஊசி போடும் சிகிச்சை, ஆறு தவணை, நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். இதனால் ஓரளவு பலன் பெற்றவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே கையெழுத்துப் போடும்வரை நான் ஒரு மருத்துவரைக்கூடப் பார்க்கவில்லை. முன்பணம் அப்பா பூண்டு விற்ற காசு. ஒவ்வொரு தவணைக்கும் படம் எடுத்தார்கள். விளக்கு மட்டும் கூடிக்கொண்டே போனது, முடி அப்படியே இருந்தது.

வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை சொல்கிறது. புற்றுநோய் இருக்கிற அதே பட்டியலில்தான் வழுக்கையும் இருக்கிறது. முடி நடும் அறுவை சிகிச்சையை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது போதிய பயிற்சி ஆகாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது. எழுத வேண்டி வந்தது என்றாலே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

முடி நடுவதையும் விசாரித்தேன். பூண்டுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது உடனே புரிந்தது. பின்மண்டையில் இருப்பதை எடுத்து முன்னால் ஊன்றுகிறார்கள். ஊன்றிய முடி, பிடுங்கிய இடத்தின் குணத்தையே வைத்துக்கொள்ளும், அதனால் நிலைக்கும். ஆனால் விதைப்பூண்டு பின்னால் இருக்கிற அளவுதான், புதிதாக ஒரு பல்லும் விளையாது. நல்ல கையால் செய்துகொண்ட நண்பர் ஒருவர் நிம்மதியாக இருக்கிறார். அவர் செய்ததில் தவறு என்ன?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'முடிதானே, விட்டுத் தள்ளு' என்று உபதேசம் செய்கிறவர்கள் மீதும் எனக்கு அதே அளவு எரிச்சல் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்குச் சீப்பு சிக்கும் அளவுக்கு முடி. எனக்குப் பெண் பார்க்கும் தரகர், "தம்பி, தொப்பி இல்லாத படம் ஒன்று அனுப்புங்கள்" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். அந்தப் படத்தை எடுக்க முடியாமல் நான் திணறிய இரவுகளில் 'முடிதானே' எந்த உதவிக்கும் வரவில்லை. வருத்தம் உண்மையானது. அந்த வருத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிகிச்சை மையம் பில் போடுகிறது.

தோல் மருத்துவர் என்னிடம் தன்னம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வழுக்கை எப்படி நகர்கிறது என்று ஒரு தாளில் வரைந்தார், நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று பேனாவால் வட்டமிட்டார். உச்சியில் கொஞ்சம் மீட்கலாம், நெற்றியில் கடினம் என்றார். ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் இருக்கிறது, சிலருக்குப் பாலுறவில் நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தேன், வேண்டாம் என்றேன். தடவும் மருந்து மட்டும் போதும் என்று முடிவு செய்தது நான். ஒன்றரை வருடத்தில் உச்சியில் ஏதோ கொஞ்சம் அடர்ந்திருக்கிறது, நெற்றி அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கிய நாளோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த வெளிர்நிறக் குல்லாவை இப்போது திருப்பிப் பார்ப்பதில்லை.

நேற்று மாலை பூம்பாறையில் எங்கள் பூண்டு வயல் வரப்பில் நின்று, சித்தப்பா மகனிடம் போனைக் கொடுத்துத் தொப்பியைக் கழற்றினேன். காற்று காதை அறுத்தது. "அண்ணா, சிரிங்கள்" என்றான், குளிரில் பல் கிட்டித்தது, படத்தில் அது சிரிப்பு மாதிரிதான் இருக்கிறது. தரகருக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் ஒரே ஒரு டிக் தான் விழுந்திருக்கிறது. எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பதும் முருகன் அருள்தான்.