விண்டோஸ் 10 கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதிலிருந்து எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு நல்ல காலம். அம்பாசமுத்திரத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் எங்கள் அத்தானிடமும் சர்வீஸ் பையன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்: “விண்டோஸ் பதினொன்னு இதுல ஏறாது அண்ணாச்சி, புதுசு எடுத்துருங்க.” அத்தான் உடனே எனக்குப் போன். “சப்போர்ட் நின்னுட்டா மெஷின் ஆன் ஆகாதோ மாப்ள?”

ஆகும். நின்றது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டும் மைக்ரோசாஃப்டின் உதவியும் மட்டும்தான். ஆனால் அந்த ‘மட்டும்’ லேசுப்பட்டதில்லை. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இனி விண்டோஸ் 10-இல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைக்கு, போட நினைத்தாலும் அப்டேட் தானாக வராது.

கடைக்காரர்கள் இரண்டு விஷயத்தைக் குழப்பிவிடுகிறார்கள். மெஷின் ஸ்லோ என்பது வேறு, சப்போர்ட் இல்லை என்பது வேறு. அத்தான் மெஷினில் இருப்பது இன்டெல்லின் நாலாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் புதுசு மாதிரி ஓடுகிறது. ஆனாலும் விண்டோஸ் 11 அதை ஏற்காது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ‘இந்தச் சோதனையை பைபாஸ் பண்ணி ஏத்தித் தாரேன்’ என்பவர்களும் உண்டு. அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. எதற்காக ஏற்றுகிறோமோ அதுவே இல்லையென்றால் என்ன பிரயோஜனம்?

சரி, அந்த மெஷினில் என்ன வேலை நடக்கிறது? கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எல்லாம் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர், பழைய ஃபான்ட். போன வருஷ நோட்டீஸைத் திறப்பார், தேதியை மாற்றுவார், இடையில் காலமான வரிதாரர் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ போடுவார், பிரிண்ட் கொடுப்பார். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் அதே ஃபைலைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். இத்தனை வருஷ நோட்டீஸும் அதற்குள் இருக்கும்போது அதை ஏன் எடைக்குப் போட வேண்டும்? நெட் வயரைப் பிடுங்கிவிட்டால் இன்னும் சில வருஷம் தாராளமாக உழைக்கும். ஆனால் டிடிபி கடைக்கு நெட்டை விடப் பெரிய வினை வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ். அதையும் இதில் சொருகக் கூடாது.

எனக்குப் பகீரென்றது வேறொன்றைப் பார்த்துத்தான். அதே மெஷினில் வாட்ஸ்அப் வெப் ஓடுகிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் என்று ஊரில் பாதிப் பேருடைய ஜாதகம் கிடக்கிறது. பிரிண்ட் எடுத்ததோடு யாரும் அழிக்கவில்லை. நெட் பேங்கிங்கும் இதில்தான். அத்தான் பணம் போனால் அத்தான் கஷ்டம். அடுத்தவர் ஆதார் போனால்? இந்த வேலைக்குக் கட்டாயம் அப்டேட் வருகிற மெஷின் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டு மெஷின் என்றால் இவ்வளவு அவசரமில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசம் என்று அறிவித்தார்கள். சிங்க் வேண்டாமென்றால் 30 டாலர். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். அதற்கப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுவதாக இருக்கிறேன். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலேயே பாஸ் என்கிற லினக்ஸ் வந்தது, பிள்ளைகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்பது தனிக்கதை. யூடியூப், மெயில், ஒரு கடிதம் டைப் அடிக்க மின்ட் தாராளம். அத்தானுக்கு ஆகாது, பேஜ்மேக்கர் அதில் நேரடியாக ஓடாது.

ஆக, அத்தானுக்குப் பழசும் இருக்கட்டும், நெட் வேலைக்கு இன்னொன்றும் வேண்டும். ரேம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் புதுசுக்குக் கொட்டிக் கொடுக்க மனசில்லை. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் ஆபீஸ்களில் கழித்த மெஷின் நம்பி வாங்க இடமிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம்.