குளிரிக்குத் தண்ணீர் வையுங்கள்

"மாயம்தானே, என்ன வேண்டுமானாலும் செய்யலாமே!" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இல்லை, என்ன வேண்டுமானாலும் செய்ய முடியாது. செய்யவும் கூடாது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கற்பனை உலகத்தை எழுதி வருகிறோம். முறை வைத்து ஆளுக்கு ஒரு அத்தியாயம். அந்த உலகத்தின் வளர்ப்புப் பிராணி என் பொறுப்பு. பெயர் குளிரி. கீரி அளவுதான் இருக்கும், எடை 2 கிலோ. காய்ச்சலில் கிடப்பவரின் நெஞ்சில் ஏறிப் படுத்து, அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனிடம் இருக்கும் மாயம் இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒரு உயிருக்கு இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் யோசித்து வைத்தேன்.

முதல் கேள்வி, உறிஞ்சிய சூடு எங்கே போகும்? இதற்காக உட்கார்ந்து கணக்கே போட்டேன். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்புச் சூட்டை 2 டிகிரி இறக்க, ஏறக்குறைய 420 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அதை 10 லிட்டர் வாளித் தண்ணீரில் இறக்கினால் தண்ணீர் 10 டிகிரி சூடேறும். தண்ணீர் இல்லாமல் குளிரி தன் உடம்பிலேயே தேக்கிக்கொண்டால்? 2 கிலோ உடம்பில் 60 டிகிரி ஏறும். வெந்துவிடும் அது!

அதனால்தான் அதற்கு மயிரில்லாத நீண்ட வாலைக் கொடுத்தேன். நோயாளியின் நெஞ்சில் அது படுத்திருக்க, வால் கட்டிலோரத்து வாளியில் தொங்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பானதும் வீட்டில் யாராவது எழுந்து மாற்ற வேண்டும். குளிரி வேலை செய்கிற ராத்திரியில் ஒருவருக்கு நிச்சயம் தூக்கம் கிடையாது. காதுகள் பெரியவை, மெல்லியவை, ரத்த நாளங்கள் தெரிகிற மாதிரி. யானையும் முயலும் காது வழியாக உடம்புச் சூட்டை வெளியே விடுகின்றன, அங்கிருந்து எடுத்தேன்.

அப்புறம், குளிரி நோயைக் குணப்படுத்தாது. கிருமியோடு போராட உடம்பு தானே ஏற்றிக்கொள்வதுதான் காய்ச்சல். வெளியிலிருந்து சூட்டை மட்டும் இழுத்தால் உடம்பு நடுங்கி நடுங்கி மறுபடியும் ஏற்றப் பார்க்கும். எப்போது குளிரியை ஏற்றிவிடுவது, எப்போது தூக்கிவிடுவது என்று அறிந்த ஒரு மூத்தவள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பாள் என்று எழுதி வைத்தேன். அவளை வைத்தே பத்துக் கதை எழுதலாம்.

இத்தனையையும் எழுதி மற்ற மூவரிடமும் கொடுத்தேன். ஒருவராவது படித்தார்களா?

முதலாமவர் படம் வரைந்தார். பஞ்சு மாதிரி அடர்ந்த ரோமம், பொட்டுப் பொட்டாக இரண்டு காது, புசுபுசுவென்று ஒரு குட்டை வால். "பார்த்ததும் கொஞ்சத் தோணணும்ல?" என்றார். சூட்டை வெளியே விட்டு உயிர் வாழ்கிற பிராணிக்குக் கம்பளிப் போர்வையைப் போர்த்திவிட்டு, கொஞ்ச வேண்டுமாம்.

அடுத்தவர், போர்க்களத்தில் ஒரு குளிரியை விட்டு ஆற்றையே உறைய வைத்தார். ஆற்றை! 1 கிலோ தண்ணீர் உறைவதற்கே 334 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க ஒரு நோயாளியிடமிருந்து எடுப்பதில் ஐந்தில் நாலு பங்கு அது. ஆறு முழுவதும் உறைந்தால் அந்த வெப்பம் எங்கே போனது? குளிரி எங்கே இருக்கும், சாம்பல்கூட மிஞ்சாதே! கேட்டால் அதே பதில், மாயம்தானே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாமவர் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

என் முறை வந்தபோது ஒரு பஞ்ச காலத்தை எழுதியிருந்தேன். கிணறு வறண்டுவிட்டது. தம்பிக்குக் காய்ச்சல், அக்காவின் கையில் ஒரே ஒரு குடம் தண்ணீர். தம்பிக்குக் குடிக்கக் கொடுப்பதா, குளிரியின் வாலுக்கு வைப்பதா? அவள் தம்பிக்குக் கொடுக்கிறாள். குளிரியைத் தூக்கி விலக்குகிறாள். அது மறுபடியும் ஏறிப் படுக்கிறது. மறுபடியும் தூக்குகிறாள், மறுபடியும் ஏறுகிறது. அவள் அசதியில் கண் அயர்ந்துவிடுகிறாள். விடியும்போது தம்பியின் நெற்றி குளிர்ந்திருக்கிறது, குளிரி அசையவில்லை. அழுதுகொண்டேதான் எழுதினேன். அடுத்த அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே நிலவொளி பட்டு அது கண் திறந்து, வாலாட்டி, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. பேசவே பேசாத பிராணி!

அந்தப் பெண் அந்த ஒரு குடத்தை யாருக்குக் கொடுத்தாள் என்பதற்கு இனி என்ன அர்த்தம்? எப்படியும் பிழைத்துவிடும் என்றால் அவள் எதற்காகத் தவித்தாள்? படிக்கிறவர்கள் எதற்காகத் தவிக்க வேண்டும்?

நம் பழைய பாட்டுக்காரர்களும் பிராணிகளைக் கற்பனை செய்தவர்கள்தானே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பசியையோ ஒரு பலவீனத்தையோ வைத்தார்கள். சாதகப் பறவைக்கு மழைத்துளிதான் உணவு, மழை பொய்த்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. சகோரப் பறவைக்கு உண்ண நிலவொளி வேண்டும். அன்றில் பறவை துணையைப் பிரிந்தால் தாங்காது. அசுணம் என்றொரு பிராணி இருக்கிறதே, எனக்கு அதை நினைத்தாலே நெஞ்சு அடைக்கும். இசை என்றால் உயிர் அதற்கு. வண்டுகளின் ரீங்காரத்தை யாழென்று எண்ணிக் காது கொடுத்துக் கேட்கும். யாழை மீட்டி அதை வெளியே வரவழைத்து, பறையை முழக்கிக் கொல்வார்கள் என்று உரைகள் சொல்கின்றன. எந்தக் காது இன்பத்தைத் தந்ததோ அந்தக் காதே அதற்கு எமன். அதைப் பிழைக்க வைக்க எந்தப் புலவரும் நிலவொளியைக் கொண்டுவந்து ஊற்றவில்லை. அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் அது நமக்கு வலிக்கிறது.

இப்போது எங்கே பார்த்தாலும் இறக்கை முளைத்த நாய்க்குட்டிகள்தான். சாப்பிடாது, மலம் கழிக்காது, மூப்படையாது, குட்டி போடாது, கதாநாயகனுக்கு ஆபத்து வரும்போது மட்டும் கண் நீலமாக ஒளிரும். மற்ற நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று எழுதினவருக்கே தெரியாது. பிராணி வளர்த்த யாரையாவது கேளுங்கள், அதன் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்ற நினைப்பு இல்லாமல் ஒரு பகல் கழியுமா என்று.

அடுத்த முறை என்னுடையது. அந்த நிலவொளிப் பத்தியை எடுக்கச் சொல்லி மூவருக்கும் எழுதிவிட்டேன். எடுக்க மாட்டோம் என்றால் குளிரியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆற்றை உறைய வைக்க வேறு எதையாவது கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.