ஏனாமே: மடத்துக்கு முன்பே ஒரு ஊர் இருந்தது

பெல்ஜியத்திலுள்ள ஏனாமே மடத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், அது மடத்தின் கதையை 1063-இல் தொடங்குகிறது. சரிதான், ஃபிளாண்டர்ஸ் பிரபு ஐந்தாம் பால்ட்வினும் மனைவி அடேலாவும் அந்தப் பெனடிக்டைன் (புனித பெனடிக்டின் விதிகளைப் பின்பற்றும் கிறித்தவத் துறவிகள்) மடத்தை நிறுவிய ஆண்டு அது. ஆனால் எனக்கு அதற்கு முந்தைய நூறு ஆண்டுகள்தான் சுவாரசியம்.

அன்று ஊரையொட்டி ஓடும் ஷெல்ட் ஆறுதான் எல்லை. மேற்குக்கரை பிரெஞ்சு அரசுக்கு உட்பட்ட ஃபிளாண்டர்ஸ், கிழக்குக்கரை ஜெர்மன் பேரரசு. பேரரசின் பக்கம் காவலுக்கு எழுந்த கோட்டைதான் ஏனாமே. கோட்டையை ஒட்டித் துறைமுகமும் வணிகர் குடியிருப்பும் வளர்ந்தன. கி.பி. 1000 வாக்கில் கட்டிய புனித லாரன்ஸ் தேவாலயம் இன்றும் நிற்கிறது, உள்ளே பைசாந்தியச் (கிழக்கு ரோமானியக் கலைச்) சாயலில் ஒரு சுவரோவியத்தோடு. இன்றைய சிற்றூரைப் பார்த்தால் இதை நம்பவே முடியாது!

பால்ட்வின் எல்லையைத் தாண்டி ஊரைப் பிடித்ததும் கோட்டைக்கு வேலையில்லாமல் போனது. அந்த இடத்தைத் துறவிகளிடம் கொடுத்துவிட்டார். இதைப் பக்தி என்று மட்டும் கட்டுரை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பேரரசின் கோட்டை மறுபடி அங்கே எழாமல் தடுக்க இதைவிட நல்ல வழி ஏது? வணிகம் பக்கத்திலுள்ள ஔடனார்டேவுக்குப் போய்விட்டது.

அப்புறம், 1795-இல் பிரெஞ்சுப் புரட்சி ஆட்சி மடத்தைக் கலைத்தது, கட்டடங்களும் இடிக்கப்பட்டன. இப்போது தெரிவது அகழாய்வில் வெளிவந்த அடித்தளங்கள் மட்டுமே. 1997-இல் அங்கே வைத்த 'டைம்ஸ்கோப்' திரையில், இடிபாட்டின் நேரடிக் காட்சிமேல் பழைய கட்டடம் எழுந்து நின்றது. கட்டுரையாளர் அதை ஏன் விட்டுவிட்டார்?