கால் சென்டர்ல ஒரு கால் முடிஞ்சா மூச்சு விட விடுதா இந்த சாஃப்ட்வேர்?

எங்க ஆபீஸ்ல ஆட்டோ ஆன்சர் போட்டு வச்சிருக்காங்க. ரிங் எல்லாம் கிடையாது. காதுல 'பீப்'னு ஒரு சத்தம், அடுத்த நொடி கஸ்டமர் லைன்ல. வாயில தண்ணி இருந்தாலும் முழுங்கிட்டு "வணக்கம்"னு ஆரம்பிக்கணும்.

கால் முடிஞ்சதும் ராப்-அப்னு 30 நொடி தருவாங்க. அதுக்குள்ள குறிப்பு எழுதணும், கால் எதுக்கு வந்துச்சுன்னு குறிக்கிற டிஸ்போசிஷன் கோடும் போடணும். அந்த லிஸ்ட்ல மெயின், சப், சப்புக்குள்ள சப். பில்லும் தப்பு, நெட்டும் வரலைன்னு ஒரே மூச்சுல திட்டின மனுஷனை எந்தக் கட்டத்துல அடைக்கிறது? நேரம் தீர்ந்தா அடுத்த கால் தானா வந்து விழும். அதனால எல்லாரும் 'பொது விசாரணை'யை அமுக்கிட்டுப் போயிடுறோம். மாசக் கடைசியில மீட்டிங் போட்டு, "ஏன் இவ்வளவு பொது விசாரணை?"ன்னு எங்ககிட்டயே கேக்குறாங்க!

கஸ்டமர் ஐ.வி.ஆர்ல, அதான் 'ஒன்றை அழுத்தவும்'னு பேசுற மெஷின் குரல்ல, நம்பரை அடிச்சுட்டுத்தான் வர்றார். அது என் ஸ்க்ரீனுக்கு வராது. "நம்பர் சொல்லுங்க சார்"னா, "இப்பதானேம்மா அடிச்சேன்!"னு எகிறுவார். நியாயம்தானே. ஹோல்ட்ல போட்டுத் தேடினா அக்கவுண்ட் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு காலுக்கு ஆகுற சராசரி நேரம், அதான் ஏ.எச்.டி., ஏறும். மார்க் யாருக்குக் குறையும்? எனக்கு.

பாத்ரூம் போக பிரேக் ஸ்டேட்டஸ் போட்டு, கொஞ்சம் லேட்டானா டீம் லீடர் ஸ்க்ரீன்ல என் பேர் சிவப்பாயிடும். சர்வர் படுத்தா மட்டும் எதுவும் சிவக்காது. "சிஸ்டம் ஸ்லோ சார், லைன்ல இருங்க"ன்னு கெஞ்சி, அதுக்கும் திட்டு வாங்கணும்.